வெள்ளைச் சேலைக்கு ஏற்ற ஜாக்கெட்

ஜூன் 9, ஞாயிறு

எழுந்தபோது மதியமாகிவிட்டது. சனிக்கிழமை ஆட்டம் முடிந்தால் ஞாயிறு எனக்குப் பாதி நாள்தான். ஆறு மாதமாக மேசைமேல் சும்மா கிடக்கும் இந்த டைரியில் எதையாவது எழுதினால் என்ன என்று தோன்றியது. துணிக்கடையில் இனாமாகக் கொடுத்தது. இனாமுக்கு ஏற்ற தாள், ஒரே பழுப்பு.

முதல் பக்கத்தில் பெயர், தொழில் என்று கேட்டிருக்கிறார்கள். பெயர் பிரிட்டோ. தொழில்தான் யோசிக்க வைக்கிறது. டிவியில் வருகிறவர்கள் என்ன உடுத்துவது என்று முடிவு செய்து, அதைத் தேடி எடுத்து, தைத்து, உடுத்தியும் விடுகிறவன். ஸ்டைலிஸ்ட் என்று சொன்னால் ஊரில் அம்மா இன்றுவரை நான் முடிவெட்டுகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். சனிக்கிழமை மட்டும் நான் மார்கரெட். நுங்கம்பாக்கத்தில் ஒரு ஓட்டலின் மொட்டைமாடி பாரில் சேலை கட்டி, கொண்டை வைத்து, மைக்கைப் பிடித்துக்கொண்டு வந்திருப்பவர்களின் உடுப்பைக் கேலி செய்கிறவள். நடுநடுவே பழைய பாட்டுக்கு வாயசைத்து ஆடுவதும் உண்டு. முழுப்பெயர் முத்துநகர் மார்கரெட். தூத்துக்குடிக்காரன் வேறு என்ன பெயர் வைப்பான்? நான் மேடையேறினால் பிள்ளைகள் முத்துநகர் எக்ஸ்பிரஸ் ரயில் வந்துவிட்ட மாதிரி கூவுவார்கள்.

நேற்று முன்வரிசையில் ஒரு பையன். “ஏலே காக்கிச் சட்டை! டூட்டி முடிஞ்சி ஸ்டேஷன்லேருந்து நேரா வாரியோ?” என்றேன். அப்படி ஒரு சிரிப்பு. என்னோடு மேடையில் பாடுகிற மதுமிதா காதோரம் குனிந்து, “அக்கா, அது கத்திரிப்பூ கலரு,” என்றாள். அவள் திருநங்கை, வியாசர்பாடிக்காரி. நான் கொண்டை வைத்திருந்தால் அக்கா என்பாள், கழற்றிவிட்டால் பிரிட்டோ என்பாள். “சிரிச்சானுவல்லா, பெறவென்ன?” என்று அவளை அடக்கினேன்.

மார்கரெட்டின் புருவம் நான் வரைவது. என் சொந்தப் புருவத்தைப் பசைபோட்டு ஒட்டி, மேலே பவுடர் பூசி மறைத்துவிடுவேன். பசையை எடுக்கும்போது கண்ணைச் சுற்றித் தோல் எரியும். மெடிக்கல் ஷாப் அண்ணாச்சி கொடுக்கும் க்ரீமைத் தடவினால் உடனே அடங்கும். இமையிலும் கொஞ்சம் தடவிக்கொண்டு மறுபடி படுத்தேன்.

ஜூன் 13, வியாழன்

தாரிகாவோடு தி.நகர். ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுப் போட்டியைத் தொகுத்து வழங்குகிற தாரிகாதான். ஒன்பது வருடமாக அவள் உடம்பில் ஏறும் ஒவ்வொரு துணியும் என் கை வழியாகப் போவது. ஜூலை இருபதாம் தேதி சேனலின் விருது விழா, நேரடி ஒளிபரப்பு, முதல்முறையாக அதைத் தொகுக்கப் போவது அவள். சேனல்காரர்கள் அவளுக்கு உடுப்பு பார்க்க ஏதோ கம்பெனியைப் பேசி வைத்திருந்தார்களாம். இவள், “பிரிட்டோண்ணா இல்லன்னா நானும் இல்ல,” என்று சொல்லிவிட்டாள். சரி, விழாவை வைத்துப் பார்க்கலாம் என்று இறங்கி வந்திருக்கிறார்கள். விழா நன்றாக அமைந்தால் நான் தொடர்வேன். சொதப்பினால் கம்பெனி.

இருபத்திரண்டு வருடம் இந்த வேலை பார்த்தவனுக்குப் பரீட்சை வைக்கிறார்கள். வைக்கட்டும்.

கடை விளக்கில் பார்த்து எந்தத் துணியையும் எடுக்கக்கூடாது, வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிரித்துப் பார்க்கவேண்டும் என்பது நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது. இன்றைக்கு அவள் மெல்லிசான வெள்ளை ஆர்கன்சா சேலையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். நான் போகவில்லை. இந்த வருட வெயில் கண்ணைக் குத்துகிறது. கறுப்புக் கண்ணாடியோடு உள்ளேயே நின்றேன்.

“அண்ணா, நீங்களும் வந்து பாருங்களேன்.”

“எல்லாம் பாத்தாச்சு. பில் போடச் சொல்லு.”

இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்கு வாசல் வேண்டுமா என்ன?

ஜூன் 16, ஞாயிறு

கண்ணாடி முன்னால் இருந்த பல்பை மாற்றினேன். இதுவும் மங்கல்தான். பல்பைச் சுற்றி மழை நாள் நிலா மாதிரி ஒரு வளையம் வேறு. எதைத்தான் ஒழுங்காகச் செய்கிறார்கள் இந்தக் காலத்தில்?

ஜூன் 24, திங்கள்

காலையிலேயே வயிற்றெரிச்சல். நேற்றைய ஒளிபரப்பில் தாரிகா போட்டிருந்த கோட்டும் பேன்ட்டும் வேறு வேறு நிறமாம். கோட்டு கறுப்பு, பேன்ட்டு கருநீலம் என்று சேனலில் ஒரு பொடியன் வட்டம் போட்டு எனக்குப் படம் அனுப்புகிறான். நானும் பார்த்தேன். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. உங்கள் கேமராவைப் பழுது பாருங்கள் என்று பதில் போட்டேன்.

உடுத்திவிடும்போது தாரிகா கேட்டாள்தான். “அண்ணா, ரெண்டும் ஒரே செட்டுதானே?” என்று. “எனக்கே பாடம் எடுக்கியா நீ?” என்று சத்தம் போட்டேன். “சாரிண்ணா, சும்மா கேட்டேன்,” என்று அதோடு வாயை மூடிக்கொண்டாள். எனக்கு வாய் நீளம், ஊருக்கே தெரியும். சாயங்காலம் அவளுக்குப் பிடித்த பால்கோவா வாங்கிக் கொடுத்தனுப்பினேன்.

துவைத்த துணி இரண்டு நாளாகக் கொடியிலேயே கிடக்கிறது. எடுக்கத் தெம்பில்லை.

ஜூலை 3, புதன்

கோடம்பாக்கத்தில் ஹனீபா பாயின் தையல்கடை. விழாவில் தாரிகா மூன்று முறை உடை மாற்றுகிறாள். அதில் இரண்டாவதுதான் என் உயிர். வெள்ளை ஆர்கன்சா, அதே வெள்ளையில் ரா சில்க் பட்டு ஜாக்கெட், கழுத்தில் ஒன்றும் கிடையாது, காதில் மட்டும் கொஞ்சம் முத்து. வெள்ளைக்கு வெள்ளை சேர்ப்பதுதான் உலகத்திலேயே கஷ்டமான வேலை. சிவப்புக்கும் பச்சைக்கும் எந்தக் குழந்தையும் ஜாக்கெட் எடுத்துவிடும்.

பாய் துணிகளைப் பரப்பினார். நான் ஒன்றில் கை வைத்தேன்.

“இதுதானா பிரிட்டோ?”

“இதேதான்.”

“சேலைய ஒருக்கா பக்கத்துல வெச்சுப் பாரேன்.”

வைத்துப் பார்த்தேன். பாலும் பாலும் சேர்ந்த மாதிரி இருந்தது. “பாய், நீங்க தைங்க. பாக்குறது எங்க டிப்பார்ட்மெண்ட்டு,” என்றேன். பாய் தலையாட்டினார். சிரிக்கவில்லை.

வரும் வழியில் பேருந்தில் யோசித்துக்கொண்டே வந்தேன். கேமராவுக்கு முன்பக்கம் தெரிந்தால் போதும். முதுகுப் பக்கம் கிளிப்பும் ஊக்குமாக இழுத்துப் பிடித்திருப்போம். இரவல் செருப்பின் அடியில் டேப் ஒட்டி, அழுக்குப்படாமல் திருப்பிக் கொடுப்போம். இப்படியே ஒரு வாழ்க்கை. சலித்துத்தான் போயிருக்கிறது. இந்த வெள்ளையை நினைத்தால் மட்டும் கொஞ்சம் தூக்கம் கலைகிறது.

ஜூலை 7, ஞாயிறு

நேற்று ஆட்டத்தில் தட்டோடு வந்த வெயிட்டர்மீது இடித்துவிட்டேன். இடது பக்கத்திலிருந்து பூனை மாதிரி வருகிறான் தடியன். என் பட்டுச் சேலை முழுக்க பியர். கூட்டத்துக்கு அதுவும் வேடிக்கை. ஒரு மாதத்தில் இது மூன்றாவது இடி. இந்த ஓட்டலில் நடக்கத் தெரிந்த ஒருவனையும் வேலைக்கு வைப்பதில்லை.

கண் எரிச்சல் அதிகம். க்ரீம் தீர்ந்துபோய்ப் புது டியூப் வாங்கினேன். அண்ணாச்சி டாக்டர் சீட்டெல்லாம் கேட்பதில்லை, நல்ல மனுஷன்.

ஜூலை 21, ஞாயிறு

விழா நேற்று. அதற்காக மார்கரெட்டுக்கு லீவு. இருபது மணி நேரம் நின்ற கால்கள், வீங்கிக் கிடக்கின்றன. இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

ஒப்பனை அறையில் அந்தக் கம்பெனிப் பிள்ளைகள் இரண்டு பேர் போனைத் தூக்கிக்கொண்டு மூலையில் நின்றார்கள். உதவிக்காம். யாருக்கு உதவி என்று எனக்குத் தெரியாதா? கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவன் பார்க்கிற மாதிரி என் ஒவ்வொரு ஊக்கையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் உடை, மெரூன் லெஹங்கா. தப்பில்லை. அடுத்தது வெள்ளை. காரில் வரும்போதே தாரிகா, “அந்தச் சேலைக்கு வேற ஜாக்கெட் ஏதாவது எடுத்து வந்திருக்கீங்களாண்ணா?” என்றாள். “ஏன், இதுக்கு என்ன வந்துச்சு?” என்றேன். “இல்ல, கிழிஞ்சுடுச்சுன்னா…” என்று இழுத்தாள். ஹனீபா பாய் தைத்தது கிழியுமா? நேரடி ஒளிபரப்பு என்றால் பயம் வரத்தானே செய்யும்.

மடிப்பு எடுத்து, முந்தானையைத் தோளில் ஊக்கு குத்தி, இரண்டடி தள்ளி நின்று பார்த்தேன். என்ன சொல்ல? சேலை எங்கே முடிகிறது, ஜாக்கெட் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. இத்தனை வருடம் அடுத்தவர்களுக்கு உடுத்தி உடுத்தி மரத்துப்போன கைக்கு இப்படி ஒரு நாள் மிச்சம் இருந்திருக்கிறது. தாரிகா கண்ணாடியில் தன்னையே பார்த்தாள். பிறகு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். மூலையில் அந்தப் பெண் அந்தப் பையனை முழங்கையால் இடிப்பது தெரிந்தது. வயிறு எரியட்டும்.

“எப்படிம்மா இருக்கு?”

“சூப்பரா இருக்குண்ணா,” என்றாள். மேடைக்குப் போய்விட்டாள்.

காலையிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. பாராட்டெல்லாம் மெதுவாக வாங்கிக்கொள்ளலாம்.

ஜூலை 22, திங்கள்

பாராட்டு இல்லை.

வெள்ளைச் சேலை, துவைக்காத ஜாக்கெட். அதுதான் நேற்று முழுக்க எல்லார் போனிலும் ஓடியிருக்கிறது. தாரிகா படத்துக்குப் பக்கத்தில் சலவைத்தூள் பாக்கெட்டை வைத்து ஒருவன். மோர்க்குழம்பு சிந்திவிட்டதா என்று இன்னொருவன். மேடைக்கு மஞ்சள் விளக்குப் போட்ட மடையனை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

சேனலிலிருந்து பேசினார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். செப்டம்பரிலிருந்து அந்தக் கம்பெனி பார்த்துக்கொள்ளுமாம்.

அப்புறம் தாரிகா. “விடுங்கண்ணா, ரெண்டு நாள்ல வேற எதையாவது புடிச்சிக்குவாங்க.” அவள் எனக்கு ஆறுதல் சொல்கிறாள். அவளைத்தான் ஊர் சிரிக்கிறது. “லைட்டுமா, எல்லாம் அந்த லைட்டு,” என்றேன். “ஆமாண்ணா, லைட்டுதான்,” என்றாள்.

ஜூலை 26, வெள்ளி

சமைக்கவில்லை. தோசைமாவு புளித்துவிட்டது. கொட்டினேன்.

ஆகஸ்ட் 3, சனி

இன்று ஆட்டம் இல்லை. வலது கையால் எழுத முடிவது அதிர்ஷ்டம். இடது முட்டியில் கட்டு.

சாயங்காலம் ஒத்திகை. வெளிச்சம் நன்றாகவே இருந்தது. பாடிக்கொண்டே இடது பக்கம் நகர்ந்தேன், மேடை முடிந்துவிட்டது. மூன்றடிக் கீழே நாற்காலிகள்மேல் விழுந்தேன். மேடையைச் சுருக்கிவிட்டார்களா என்று கத்தினேன். மதுமிதாதான் வந்து தூக்கினாள்.

“பிரிட்டோ, இது எத்தினி விரலு?” என் இடது காதோரம் கையை வைத்துக்கொண்டுதான் கேட்டிருக்கிறாள்.

“கையே காட்டாம கேட்டா?”

“காட்டினுதான் கீறேன்.”

அவளைத் திட்டினேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இன்னா வேணா சொல்லிக்கோ. ஒரு வருசமா நீ தப்புத் தப்பா கலர் சொல்ற, ஜனங்க அத காமெடின்னு சிரிக்குது. உன் லிப்ஸ்டிக்க நான் தொடச்சிட்டு வேற போட்டு வுடுறேன், அதுகூட உனக்குத் தெரியல. திங்கக்கெழம கண்ணாஸ்பத்திரி. நான் இட்டுனு போறேன்,” என்றாள்.

பயமாக இருக்கிறது. எழுதியாவது வைக்கிறேன், பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 8, வியாழன்

மூன்று நாளாக அலைந்து இன்றைக்குத்தான் முடிவாகச் சொன்னார்கள். டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, “இந்த வயசுல இவ்வளவு புரை வராதே. சுகர் இல்ல. கண்ணச் சுத்தி ஏதாவது போடறீங்களா?” என்றார்.

“எரிஞ்சா மட்டும் ஒரு க்ரீம், டாக்டர்.”

“எவ்வளவு நாளா?”

“கொஞ்ச நாளா.”

மதுமிதா என்னை ஒரு பார்வை பார்த்தாள். “பதினோரு வருசமா, டாக்டரு. நான் பாத்துனு கீறேன். எல்லா வாரமும். நடுவுல மத்த நாளுலயும்.” பையிலிருந்து டியூபை எடுத்து மேசைமேல் வைத்தாள். எப்போது என் வீட்டிலிருந்து எடுத்தாளோ?

அதில் ஸ்டீராய்டு இருக்கிறதாம். அண்ணாச்சி சிரித்துக்கொண்டே கொடுத்தது. இமை வழியாக உள்ளே இறங்கி இரண்டு வேலை செய்திருக்கிறது. ஒன்று புரை. எல்லாவற்றையும் பழுப்புக் கண்ணாடி போட்ட மாதிரி காட்டுவது அதுதான். நீலம் சாகும், வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசம் போய்விடும். இதை அறுவைசிகிச்சையில் எடுத்துவிடலாம். இன்னொன்று கண்ணின் அழுத்தம். அது நரம்பைத் தின்றிருக்கிறது. இடது கண்ணில் பக்கவாட்டுப் பார்வை போனது போனதுதான், திரும்பி வராது. மிச்சத்தைக் காப்பாற்ற வாழ்நாள் முழுக்கச் சொட்டு மருந்து.

“என்ன வேலை பண்றீங்க?” என்று கேட்டார். சொன்னேன். பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டார்.

வெளியே வந்து டீ குடித்தோம். “நல்லா அழுதுக்கோ, இங்க உன்ன யாருக்கும் தெரியாது,” என்றாள் மதுமிதா. அழுதேன். டீ ஆறிப்போனது. இன்னொன்று வாங்கிக் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

அழுத்தம் இறங்கியிருக்கிறதாம். புதன்கிழமை வலது கண். தாரிகாவிடம் சொல்லவில்லை. முதுகுவலிக்கு வைத்தியம் பார்க்கப் போகிறேன் என்று செய்தி அனுப்பினேன். மாதக் கடைசிவரை எடுத்து வைக்கவேண்டிய உடுப்பைக் கம்பெனிப் பிள்ளைகளே பார்த்துக்கொள்ளட்டும். எப்படியும் வரப்போகிறவர்கள்தானே.

ஆகஸ்ட் 22, வியாழன்

கட்டுப் பிரித்தார்கள். எழுதக்கூடாது என்று மதுமிதா பேனாவைப் பிடுங்குகிறாள். ஒன்று மட்டும். அவள் போட்டிருந்தது நீலச் சுடிதார். நீலம் இப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

தலைக்குக் குளிக்கக்கூடாது, குனியக்கூடாது, புருவப் பசை இனி எந்தக் காலத்திலும் கூடாது. “சொந்தப் புருவத்தோடயே வா. ஒரு ஸ்டூல் போட்டு ஒக்காரவெச்சி மைக் குடுக்கறோம். உன் வாயி நல்லாத்தான கீது?” என்கிறாள் மதுமிதா. ரசம் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

வலது கண்ணை மூடினால் வீடு முழுக்கப் பழுப்பு. இடது கண்ணை மூடினால் சுவர் வெள்ளை. இப்படியே மாற்றி மாற்றி மூடித் திறந்து விளையாடிக்கொண்டிருந்தேன். பிறகு போனை எடுத்தேன். எடுக்காமலே இருந்திருக்கலாம்.

விழாப் படம். மஞ்சள் விளக்கெல்லாம் இல்லாத ஒப்பனை அறையில் நானே எடுத்தது. சேலை வெள்ளை, சுத்த வெள்ளை. ஜாக்கெட் மஞ்சள். இதற்கு விளக்கைக் குறை சொல்ல முடியாது. அறைக்குள் நுழைகிற யாருக்கும் வாசலிலேயே தெரிந்திருக்கும். முழங்கையால் இடித்துக்கொண்ட அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்தது.

பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனேன். கறுப்புக் கோட்டு, கருநீலப் பேன்ட்டு. ஊதாச் சேலைக்குச் செங்கல் நிறத்தில் துப்பட்டா மாதிரி ஒரு கண்றாவி. பொங்கல் நிகழ்ச்சியில் பச்சையும் நீலமுமாக வளையல், சேலையில் இரண்டும் இல்லை. வாரா வாரம். ஏறக்குறைய எட்டு மாதம். எல்லாப் படத்திலும் தாரிகா சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

அவளுக்குக் கண் நன்றாகத் தெரியும். துணியை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

போன் போட்டேன். முதுகுவலி பொய், கண் ஆபரேஷன் என்று சொன்னேன். “தெரியும்ணா. மதுக்கா போன் பண்ணிச் சொன்னாங்க,” என்றாள்.

“ஏட்டி, அந்த வெள்ளச் சேலைக்கு ஜாக்கெட்டு மஞ்சள். ஒனக்குத் தெரியும்லா?”

அவள் வீட்டு டிவியை அணைக்கும் சத்தம் கேட்டது.

“தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்ணா.”

“பெறவு ஏன் சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா? ஊரே சிரிச்சுதே ஒன்னய.”

“மொதல்ல எல்லாம் கேட்டுப் பாத்தேன். நீங்க கத்துவீங்க. சரி, ரெண்டு பேர் கமெண்ட் போட்டா போட்டுட்டுப் போறாங்கன்னு விட்டேன்,” என்றாள். “அன்னிக்கு மட்டும் சொல்லியிருக்கணும். பையில கறுப்பு ஜாக்கெட் ஒண்ணு நானே எடுத்துட்டு வந்திருந்தேன். மாத்திடலாம்னுதான் திரும்பப் போனேன். அந்த ரெண்டு பேரும் பாத்துட்டே நிக்கறாங்க. அவங்க முன்னாடி எப்படிண்ணா சொல்றது?”

“அதுக்காகவா?”

“அது பாதிதான். நீங்க தள்ளி நின்னு பாத்தீங்க இல்ல? உங்க மூஞ்சி கண்ணாடில தெரிஞ்சுது. ஒம்போது வருஷத்துல நீங்க அப்படி சந்தோஷமா நின்னு நான் பாத்ததே இல்ல. அதக் கெடுத்துட்டு மேடைக்குப் போயி நான் என்னத்தண்ணா பேசறது?”

ஆமாம். அன்றைக்கு நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

“கம்பெனில அடுத்த வாரத்துக்கு ஒண்ணு அனுப்பிருக்காங்கண்ணா. நீங்க வேணாம்னா வேணாம்னு சொல்லிடறேன். இன்னும் நான் எதுலயும் கையெழுத்துப் போடல,” என்றாள்.

“காட்டு,” என்றேன். வீடியோவைப் போட்டுப் பால்கனிக்குத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் பிரித்துக் காட்டினாள். மயில்கழுத்து நிறத்தில் ஒரு சேலை, அதற்குச் சாம்பல் ஜாக்கெட். புதுக் கண்ணால் அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். ஏதாவது தப்பு இருக்காதா என்று தேடித்தான் பார்த்தேன். இல்லை.

“நல்லாருக்கு. இதையே போட்டுக்கோ,” என்றேன்.

“நிஜமாவாண்ணா?”

“நிஜமாத்தான். கையெழுத்தப் போட்டிரு.”

அவள் அழுகிற சத்தம் கேட்டது. அழாதே, மை கலையும் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். சொட்டு மருந்து போடும் நேரம் தாண்டிவிட்டிருந்தது.